காய்ச்சலை மறைத்துக் கப்பலேறலாமா?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் சென்னை, மதுரை, கோலாலம்பூர் என்ற பெயர்களே காதில் விழும். இப்போது உல்லாசக் கப்பல் என்ற பேச்சே மிகுதியாகக் கேட்கிறது. உட்லண்ட்ஸில் வசிக்கும் எங்களைப் போன்றோர்க்கு அது எளிதாகவும் இருக்கிறது. வடக்கு தெற்கு ரயில் தடத்தில் ஏறி, இடையில் மாறாமலேயே மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்கினால், 2012-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா பே கப்பல் முனையம் அருகிலேயே உள்ளது. விமானத்தில் கால் மடக்கி அமரும் துன்பமில்லை. ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. ஆகவே, தாத்தா பாட்டியையும் சிறு பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் கப்பலையே நாடுகின்றன.

ஆனால், நோய்க்கு எளிதில் ஆட்படுவோரும் அந்த முதியோரும் சிறு பிள்ளைகளுமே அல்லவா? "நோய் வந்து பயணத்தைக் கைவிட நேர்ந்தால் கட்டிய பணம் என்னாகும்?" என்று கேட்டால், பலரும் "காப்புறுதி இருக்கிறதே" என்று கூறிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகின்றனர். எந்தக் காப்புறுதி, எதற்கு ஈடு தரும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நானும் அப்படி இருந்தவள்தான். அதனால் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் விடுமுறையில் பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பலில் நான்கு இரவுப் பயணத்திற்கு முன்பதிவு செய்திருந்தோம். நான், என் கணவர், இரு பிள்ளைகள், என் மாமியார் என ஐவர். கட்டணம் ஏறத்தாழ 4,000 வெள்ளி. கடன் அட்டையில் பணம் கட்டினால் பயணக் காப்புறுதி இலவசம் என்று எங்கோ படித்த நினைவில், வேறு காப்புறுதி எதுவும் வாங்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, தொடக்கநிலை ஒன்றில் படித்துவந்த என் மகன் சாப்பிட மறுத்தான். வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே புண்கள். உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். கை, கால், வாய் நோய் என்று எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். என் மாமியார், "காய்ச்சல் பெரிதாக இல்லையே அம்மா, மருந்து கொடுத்து அழைத்துப் போய்விடலாம்; இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே" என்றார். நான் மறுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவன்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம், அவனுக்கு முழுக்கைச் சட்டை போட்டு அழைத்துச் சென்றுவிடலாம் என்றே நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவள் என் மகள். கப்பலேறும் முன் நிரப்ப வேண்டிய உடல்நல உறுதிமொழிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, காய்ச்சலோ கொப்புளமோ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், தம்பிக்கு என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். வகுப்பில் வாய்மை அதிகாரத்தை நடத்துபவள் நான். பத்து வயதுப் பெண்ணிடம் 'இல்லை' என்று எழுதச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நாங்கள் போகவில்லை. துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டுமே திரும்பக் கிடைத்தன. அட்டையோடு வந்த இலவசக் காப்புறுதியின் விதிகளை அதன் பின்னரே படித்தேன். பயணத்தின்போது நேரும் விபத்துக்கு மட்டுமே அது ஈடு தருவது. புறப்படும் முன் நோயால் பயணத்தைக் கைவிட்டால் ஒரு காசும் கிடையாது. தவறு முழுவதும் என்னுடையதே.

பணம் போன வருத்தம் சில மாதங்களில் ஆறிவிட்டது. அந்த ஒரு மணி நேரம்தான் இன்றும் உறுத்துகிறது. பிள்ளைகள் நிறைந்த ஒரு கப்பலுக்குள், தொற்றும் நோயோடு என் பிள்ளையைக் கொண்டுசெல்ல நான் ஏறக்குறையத் துணிந்துவிட்டேன். பணத்தை இழக்க மனம் ஒப்பவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இல்லை. இதிலிருந்து நான் பெற்ற கருத்து இதுதான்: பயண ரத்துக்கு ஈடு தரும் காப்புறுதி நம் பணப்பைக்கு மட்டுமல்லாமல் நம் நேர்மைக்கும் காவல். உண்மையைச் சொன்னால் 4,000 வெள்ளி போய்விடும் என்ற நிலையில் உண்மை சொல்ல மிகுந்த மனவலிமை வேண்டும். அந்த இழப்பு இல்லையென்றால், சாதாரண மனிதர்களாகிய நாமும் எளிதாக உண்மை சொல்லிவிடுவோம்.

கப்பலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நம் முன்னோர் நன்கறிந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் வந்த தலைமுறைக்கு செயிண்ட் ஜான்ஸ் தீவு என்ற பெயர் மறக்கக்கூடியதன்று. 1874-ஆம் ஆண்டு முதல் அங்கே நோய்த்தடுப்புக் காப்பிடம் இயங்கியது. கப்பலில் தொற்றுநோய் கண்டால், கரை கண்ணுக்குத் தெரிந்தும் காலூன்ற முடியாமல் அத்தீவில் காத்திருக்க வேண்டும். ஒருவர் நோய் கப்பலில் வந்த அனைவரின் நோயாகக் கருதப்பட்ட காலம் அது.

அந்தக் காலம் திரும்பி வரும் என்று யார் நினைத்தோம்? 2020 பிப்ரவரியில் யோக்கோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். அவர்களில் 700-க்கும் மேற்பட்டோர்க்குக் கொவிட்-19 தொற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரிலிருந்து எந்த ஊருக்கும் செல்லாமல் கடலில் சுற்றித் திரும்பும் பயணமாகப் புறப்பட்ட 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' கப்பலில், வயிற்றுப்போக்கு ஏற்பட்ட முதிய பயணி ஒருவர் கப்பல் மருத்துவரை நாடினார். பரிசோதனையில் தொற்று உள்ளதாகக் காட்டவே, கப்பல் மூன்றாம் நாளே திரும்பியது. பயணிகள் அறைக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. கரையில் செய்த மறுபரிசோதனைகளில் அவருக்குத் தொற்று இல்லை என்று தெரியவந்தது. பலருடைய விடுமுறை கெட்டது உண்மைதான். ஆனால், அந்த முதியவர் செய்தது சரியான செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. உடல் சரியில்லை என்றதும் மறைக்காமல் சென்று சொன்னார். நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புவதும் அதைத்தானே?

ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மருந்தின் வேகம் குறைந்ததும், பத்து மணி வாக்கில் பிள்ளை மேசை மேல் தலை சாய்த்துவிடும். அந்தப் பெற்றோரைக் கொடியவர் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும் என்று அஞ்சுவோர் அவர்கள். உண்மைக்கு விலை வைத்துவிட்டால், ஏழைதான் முதலில் பொய் சொல்லத் தள்ளப்படுகிறான். கப்பல் விவகாரமும் இதே பாடம்தான்.

சரி, காப்புறுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் காப்புறுதி முகவர் அல்லள். ஆனால், கேள்வித்தாளை இருமுறை படித்தபின் விடை எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்பவள். அதே முறையில் விதிகளைப் படித்ததில் நான் அறிந்துகொண்டவை இவை.

முதலாவது, நாள். முன்பணம் கட்டியவுடனே காப்புறுதியையும் வாங்கிவிட வேண்டும். புறப்படும் நாளுக்கு முன்தினம் வாங்குவது பெரும்பாலும் பயன் தராது. நோய் அதற்குள் வந்திருந்தால் அதற்கு ஈடில்லை. சில காப்புறுதிகள், புறப்படுவதற்குக் குறைந்தது சில நாள்கள் முன்னதாக வாங்கியிருந்தால்தான் பயண ரத்துக்கு ஈடு தரும். வேறு சில, புறப்பாட்டுக்கு முந்திய 30 அல்லது 60 நாள்களுக்குள் நேர்பவற்றையே கணக்கில் கொள்ளும்.

இரண்டாவது, 'முன்னரே இருந்த நோய்' என்ற சொற்றொடர். இதுதான் பலரையும் வீழ்த்தும் இடம். நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கு மாத்திரை உட்கொள்ளும் முதியோர் இல்லாத தமிழ்க் குடும்பம் எத்தனை? சாதாரணக் காப்புறுதிகளில் இத்தகைய நோய்களால் விளையும் ரத்துக்கு ஈடு கிடைக்காது. ஆனால், முன்னரே இருந்த நோய்களையும் ஏற்கும் காப்புறுதிகள் சிங்கப்பூரில் உள்ளன. சந்தா கூடுதலாக இருக்கும். குடும்பத்தில் முதியவருக்கு மட்டுமாவது அதை வாங்குவது அறிவுடைமை. நோயை மறைத்து மலிவான காப்புறுதி வாங்கினால் பின்னர் ஈடு மறுக்கப்படும். அங்கும் பொய் நம்மையே சுடும்.

மூன்றாவது, 'குடும்பத்தினர்' என்ற சொல். தமிழாசிரியைக்கு மிகவும் சுவையான பகுதி இது! நம் மொழியில் சித்தி, பெரியம்மா, அத்தை, மாமா எல்லாரும் குடும்பமே. காப்புறுதி விதியில் அப்படியன்று. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர் என்று ஒரு பட்டியல் இருக்கும். தாத்தா பாட்டியைச் சிலர் சேர்ப்பர். சித்தப்பாவைப் பலர் சேர்க்கமாட்டார். உடன் பயணம் செய்யாத தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் ஈடு உண்டா, பிள்ளை நோயுற்றால் பெற்றோர் இருவருக்கும் ஈடு உண்டா, ஒருவருக்கு மட்டுமா என்பனவற்றையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, 'கடும் நோய்' என்பதன் பொருள். பெரும்பாலான விதிகளில், பயணம் செய்யும் உடல்தகுதி இல்லை என்று மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். சாதாரண மருத்துவ விடுப்புச் சான்றிதழ் மட்டும் போதாமல் போகலாம். மருந்தகத்துக்குச் செல்லும்போதே பயண நாளைக் குறிப்பிட்டு, பயணத்துக்குத் தகுதியில்லை என்று தெளிவாக எழுதித் தரக் கேளுங்கள். கொவிட்-19 சேர்க்கப்பட்டுள்ளதா, அதற்குத் தனி வரம்பு உண்டா என்பதையும் கவனியுங்கள்.

ஐந்தாவது, கப்பலுக்கே உரியவை. ரத்துக்கான உச்சவரம்பு உங்கள் மொத்தக் கட்டணத்தை எட்டுகிறதா? கப்பல் பயணம் தானாகவே அடங்குமா, கூடுதல் சந்தா கட்டிச் சேர்க்க வேண்டுமா? கப்பல் நிற்கும் எல்லா ஊர்களும் நீங்கள் தேர்ந்தெடுத்த வட்டாரத்துக்குள் வருகின்றனவா? எந்த ஊரிலும் நிற்காத பயணமானால் அது 'வெளிநாட்டுப் பயணம்' என்ற விளக்கத்துக்குள் வருமா? கப்பல் மருத்துவரின் கட்டணத்துக்கும், அவசரத்தில் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவுக்கும் ஈடு உண்டா? நம் மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது என்பதை மறவாதீர்கள். கப்பல் நிறுவனமே விற்கும் ரத்துப் பாதுகாப்புத் திட்டமானால், பணமாகத் தருவார்களா, அடுத்த பயணத்துக்கான பற்றுச்சீட்டாகத் தருவார்களா என்று கேளுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால், 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, நிதித்துறைப் பூசல்களைத் தீர்க்கும் ஃபிட்ரெக் நிலையத்தை நாடலாம்.

"போகும் முன்பே நோயைப் பற்றிப் பேசுவதா?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. குடை எடுத்துச் செல்வதால் மழை வருவதில்லையே! "ஒன்றும் நேராவிட்டால் சந்தா வீண்தானே?" என்பது மற்றொரு கேள்வி. ஒன்றும் நேராமல் திரும்பி வருவதைக் காட்டிலும் நமக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சுமை முழுவதையும் பயணியின் தலையில் வைப்பது நியாயமாகாது. கடைசி நாளில் நோய் கண்டவர் மருத்துவர் சான்று காட்டினால், பயணத்தை வேறொரு நாளுக்குக் கட்டணமின்றி மாற்றித் தருவதே முறை. நோயாளி ஏறாதிருப்பதால் முதலில் நன்மை பெறுவது அந்தக் கப்பல்தானே? அந்நிலை எங்கும் வரும்வரை காப்புறுதியே நமக்குத் துணை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியால் அவற்றைப் படிக்க இயலாது. ஒரு மாலைப்பொழுதில், மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, பயண ரத்து பற்றிய பக்கத்தை மட்டுமாவது பாட்டிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நல்ல மொழிபெயர்ப்புப் பயிற்சி. பாட்டிக்குத் தன் மாத்திரைகளைப் பற்றி உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு.

எங்கள் வீட்டில் அவ்வாறே செய்தோம். அடுத்த முறை, முன்பணம் கட்டிய அன்றே, மாமியாரின் நீரிழிவையும் குறிப்பிட்டுக் காப்புறுதி வாங்கினோம். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. படிவத்தை நிரப்பியவள் அப்போதும் என் மகள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லை' என்றே எழுதினாள். எல்லாம் உண்மை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து உங்கள் தமிழாசிரியை