வார்டுல கை வைக்கிறது யாரு?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீயில் 28 பேர் செத்தார்கள். சங்கிலி கட்டியிருந்ததால் பலரால் ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சாதி பார்க்கக் கூடாது என்று 21ஆம் பிரிவில் எழுதியும் வைத்தது. சரி. பயிற்சி? 31ஆம் பிரிவு மருத்துவ அலுவலர்களைப் பேசுகிறது. ராத்திரியில் நோயாளியைப் பிடிக்கிறதும் குளிப்பாட்டுறதும் மலம் அள்ளுறதும் டாக்டரா? அந்த வேலைக்கு நம்ம சனத்தைத்தானே தள்ளிவிடுறாங்க! அவங்களைப் பேர் சொல்லிப் பயிற்சி வேணும்னு அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது.

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் மலையாளிப் பழங்குடிப் பெண், தன்மேல் சாமி வந்ததைச் சொன்னால் உடனே நோய் என்று எழுதிக்கொள்வதா, உட்கார்ந்து கேட்பதா? பயிற்சியில் முதல் மாசத்தை வெள்ளிமலையில் வையுங்கள் என்கிறேன். டாக்டரும் வார்டு ஊழியரும் ஒரே பெஞ்சில். ஒப்பந்த ஊழியருக்கும் சம்பளத்தோட.