பெரிய டயரும் ஆறு மூட்டை சிமெண்ட்டும்

சனி ஞாயிறு தோட்டத்துக்கு வர்ற டவுன் நண்பர்கள்ல பாதிப்பேர் நம்ம பழைய பிக்கப்பைப் பார்த்ததும் சொல்றது ஒண்ணேதான். "அண்ணா, டயர் மட்டும் பெருசா போட்டுட்டீங்கன்னா வண்டி மிரட்டும்!"

யாரை மிரட்டணும்னு கேட்டா பதில் வராது. கொல்லிமலையையா? அது காரவள்ளியிலேர்ந்து எழுபது கொண்டை ஊசி வளைவை வச்சுக்கிட்டு எவனுக்கும் பயப்படாம நிக்குது.

அவங்க காசு, அவங்க வண்டி, என்னமோ பண்ணிக்கட்டும்னு விட்டிருப்பேன். ஆனா ஆசை தீர்ந்ததும் அந்த வண்டி பழைய வண்டி வியாபாரி கைக்குப் போகுது. அங்கிருந்து அதை வாங்கறவன் விவசாயி. வாழைத்தார் ஏத்தறவன், சாணி எரு ஏத்தறவன், மலைக்கு ஹாலோபிளாக் கல்லு கொண்டு போறவன். டயரைப் பார்த்து "நல்லா கம்பீரமா இருக்குது"ன்னு அவனும் மயங்கிடறான். என் சண்டை இங்கதான் ஆரம்பிக்குது.

கணக்கைப் போட்டே பார்த்துடலாம். இஞ்சின் சுத்தற வேகத்தை முதல்ல கியர்பாக்ஸ் குறைக்குது. அப்புறம் பின்னச்சுல இருக்கற கிரவுன்-பினியன் இன்னொரு தடவை குறைக்குது. பினியன்ல 8 பல்லு, கிரவுன்ல 39 பல்லுன்னா 4.88. புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய அஞ்சு சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். கணக்கு இதோட முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. முடியலைங்க. சக்கரம் ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் போகுதுங்கறதும் இதுல சேர்த்திதான். டயர்ங்கறது ரப்பர்ல செஞ்ச இன்னொரு கியர்.

டயர் மேல 215/75 R15ன்னு போட்டிருந்தா அகலம் 215 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதுல நூத்துக்கு 75 பங்கு, ரிம் 15 இஞ்ச். கூட்டிப் பார்த்தா தரையிலேர்ந்து உச்சி வரைக்கும் 703 மில்லிமீட்டர் சொச்சம். இதைக் கழட்டிட்டு 31 இஞ்ச் டயர் மாட்டினா 787 மில்லிமீட்டர். நூத்துக்கு 12 கூடிப்போச்சு. கிரவுனைத் தொடவே இல்ல, ஆனா உங்க 4.88 இப்போ 4.36 மாதிரி வேலை செய்யுது. ரோட்டுல சக்கரம் தள்ளற தள்ளு நூத்துக்குப் பத்துப் பதினொண்ணு குறைஞ்சு போகுது.

இது எவ்வளவுன்னு டவுன்காரங்களுக்குப் புரியறதுக்கு ஒரு கணக்கு சொல்றேன். வண்டியும் லோடும் சேர்ந்து ரெண்டரை டன்னுன்னு வச்சுக்கங்க. மேடேறறப்போ இந்தப் பெரிய டயரோட அந்த வண்டி படற பாடு, பழைய டயரோட இன்னும் 300 கிலோ கூட ஏத்தினா படற பாடு. 300 கிலோன்னா ஆறு மூட்டை சிமெண்ட். எந்த ஊர்லயும் இறக்க முடியாத, வாடகையும் கிடைக்காத ஆறு மூட்டை. காலியா போனாலும் இதே விகிதத்துல ஒரு சுமை கூடவே வரும்.

இதுக்கு என்ன பதில் சொல்றாங்க? "டிராக்டருக்கு ஆளுசரத்துக்கு டயர் இருக்குதே, அது இழுக்கலையா?" இதை நல்லாப் படிச்சவங்களே கேட்கறாங்க, அதுதான் ஆச்சரியம். டிராக்டர்ல கிரவுன்-பினியனுக்கு அப்புறமும் சக்கரத்துக்கு முன்னாடி இன்னொரு பல்சக்கர செட்டு உட்கார்ந்து வேகத்தைக் குறைக்குது. பெரிய டயருக்குன்னே கணக்குப் பண்ணிச் செஞ்ச வண்டி அது. ஃபோர் வீல் டிராக்டர் வச்சிருக்கறவரைக் கேளுங்க, முன் டயரை இஷ்டத்துக்கு சைஸ் மாத்துவாரான்னு. முன்னும் பின்னும் விகிதம் தப்பினா ரெண்டு அச்சும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கும், கியர்பாக்ஸ் தின்னுடும். டிராக்டர்ல தெரிஞ்ச இந்த விவரம் பிக்கப்புல மட்டும் ஏன் மறந்து போகுது?

"கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடுமே?" கூடும். டயர் 84 மில்லிமீட்டர் கூடினா அச்சு ஏறறது அதுல பாதி, 42. ரெண்டு விரக்கடை உயரம். அந்த ரெண்டு விரக்கடைக்கு ஆறு மூட்டை!

"ஹைவேஸ்ல இஞ்சின் அமைதியா ஓடுமே?" இது உண்மை. சேலம் பைபாஸ்ல காலியா போறவருக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்குக் கார் இருக்குதுங்களே.

ஏறறதாவது பரவாயில்ல. கிளட்ச் பிளேட் கருகற வாடை வரும், ஓரங்கட்டி நிறுத்திக்கலாம். எங்க சித்தப்பா மகன் இப்படி ஒரு அலங்கார வண்டியை வாங்கிட்டு வந்து ஒரே வருஷத்துல மூணு தடவை கிளட்ச் பிளேட் மாத்தினான். பணத்தோட போச்சு. இறக்கம் அப்படி இல்ல. சோளக்காட்டுல அன்னாசி ஏத்திக்கிட்டு இறங்கறப்போ வண்டியைப் பிடிச்சு வைக்க வேண்டியது பிரேக் மட்டும் இல்ல, செகண்ட் கியர்ல இஞ்சினும்தான். டயர் பெருசானா இஞ்சினோட அந்தப் பிடி தளருது. அப்போ காலு பிரேக் மேலயே கிடக்கும். அந்த பிரேக்குக்கும் இதே கணக்குதான். டிரம்மு பழைய டிரம்மு, சக்கரம் மட்டும் பெருசு. அதே வேகத்துல நிக்கறதுக்கு இன்னும் அழுத்தி மிதிக்கணும். மிதிக்க மிதிக்கச் சூடு, சூடு ஏற ஏறப் பிடிக்காது. முப்பதாவது வளைவுல தெரியாது, கடைசிப் பத்து வளைவுலதான் தெரியும். அந்த வண்டியில ஓட்டறவன் மட்டுமா வர்றான்? பின்னால அன்னாசி மேல நாலு பேர் உட்கார்ந்திருப்பாங்க. உட்காரக் கூடாதுதான், ஆனா உட்கார்ந்திருப்பாங்க.

மீட்டர்ல நடக்கற கூத்து தனி. மீட்டர் கேபிள் சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னுதான் பார்க்கும், டயர் உயரம் அதுக்குத் தெரியாது. 60 காட்டறப்போ வண்டி 67ல போகும். 1,00,000 கிலோமீட்டர்னு காட்டினா, அதுவரைக்கும் இதே டயர்ல ஓடியிருந்தா, நிஜமா ஓடினது 1,12,000. "கம்மியா ஓடின வண்டி"ன்னு வியாபாரி சொல்றது இதையும் சேர்த்துத்தான் போல.

சட்டமும் சும்மா இல்ல. ஆர்.சி. புக்குல இருக்கற விவரத்துக்கு மாறா, கம்பெனி செஞ்சதை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. எஃப்.சி. காட்டப் போறப்போ பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது முதல்ல டயர் மாட்டின டவுன்காரர் இல்லைங்க, எங்க ஆளு.

எங்க மாவட்டத்துத் தலைநகர் லாரிக்குப் பாடி கட்டறதுல இந்தியாவுக்கே பேர் போன ஊரு. நாமக்கல் லாரிக்காரர் கேபினுக்கு மயில் வரைவாரு, குஞ்சம் கட்டுவாரு, பத்து ஹாரன் வைப்பாரு. டயர் சைஸ்ல மட்டும் கை வைக்க மாட்டாரு. பாரம் இழுத்துப் பொழைக்கறவருக்கு எங்க விளையாடலாம், எங்க விளையாடக் கூடாதுன்னு தெரியும்.

பெரிய டயர்தான் வேணும்னா அதுக்கும் முறை இருக்குது, கிரவுன்-பினியனையும் மாத்தணும். மேல சொன்ன கணக்குக்கு 5.46 வேணும். அதுக்குக் கிட்டத்துல இருக்கறது 43க்கு 8, அதாவது 5.38. பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்புல இருந்த அதே பல்லுக்கணக்கு. சின்ன இஞ்சினை வச்சுக்கிட்டு அந்த ஜீப்பு இழுத்த இழுப்புக்கு இதுவும் ஒரு காரணம். உங்க ஹவுசிங்ல அது உட்காருமான்னு மெக்கானிக்தான் பார்த்துச் சொல்லணும். ஃபோர் வீல் வண்டின்னா முன்னச்சுலயும் அதே விகிதம் போட்டே ஆகணும். டயருக்கு யோசிக்காம செலவு பண்றவங்க இந்த வேலைன்னதும் "அப்புறம் பார்த்துக்கலாம் ப்ரோ"ங்கறாங்க. வெளிய தெரியாத இடத்துல யாரு காசு போடுவாங்க?

பழைய பிக்கப் வாங்கப் போற நம்மாளுங்க ஒரு சாக்பீஸ் கொண்டு போங்க. சமதரையில முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு கொடுத்து, பின்னால ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்க. டயர்லயும் புரொப்பல்லர் ஷாஃப்ட்லயும் கோடு போட்டுட்டு, தூக்கின சக்கரத்தைச் சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. ஷாஃப்ட் அஞ்சுக்குத் துளி குறைவா சுத்தினா 4.88. அஞ்சேகாலைத் தாண்டினா 5.38. நாலேகால் கிட்ட வந்தா 4.27. அதோட டயர்ல எழுதியிருக்கற சைஸை ஆர்.சி. விவரத்தோடயும் கம்பெனி ஒட்டின டயர் பிரஷர் ஸ்டிக்கரோடயும் ஒத்துப் பாருங்க. "அதெல்லாம் எதுக்குங்க?"ன்னு வியாபாரி கேட்டா விலையைக் குறைச்சுக் கேளுங்க.

டவுன் நண்பர்களே, ஆசைக்கு வாங்கி அலங்காரம் பண்ணின வண்டியை விக்கறப்போ, மாடிப்படிக்குக் கீழ போட்டு வச்சிருக்கற பழைய ரிம்மு நாலையும் ஸ்டெப்னியையும் தூசு தட்டி வண்டியோடவே ஏத்தி அனுப்புங்க.