அப்பாச்சியும் ஐரோப்பாவும்

கிளிநொச்சியிலிருந்து ஆசிரிய அன்பர் ஒருவர் எமக்கு நீண்ட கடிதமொன்று வரைந்துள்ளார். இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறிது வயல். மாதந்தோறும் அரசாங்கச் சம்பளம். மனைவி, பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபதைத் தாண்டிய தாயார். இதுவே அவர் குடும்பம். தம்பியார் ஜேர்மனியில் இருக்கிறார். யுத்த காலத்தில் வன்னியை விட்டுப் போனவர். அகதி அந்தஸ்துப் பெற்றவராதலின் ஊருக்கு வந்து போவது அவருக்கு இயலாத காரியம். தாயும் மகனும் ஒருவரையொருவர் நேரிற் கண்டு பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றனவாம்.

எல்லாருமாகச் சேர்ந்து வைகாசி மாதத்தில் ஒரு மாதம் போய் வரலாமா, பிள்ளைகளுக்குப் பாரிஸ் நகரத்தையும் சுவிஸ் மலைகளையும் காட்டலாமா, கையிலுள்ள பணம் கட்டுமா என்பன அன்பரின் கேள்விகள். அவற்றுக்குக் கீழே, வேறு மையில், இன்னொரு வரியும் உண்டு. தாயார் முட்டை பட்ட பாத்திரத்தையும் தொடமாட்டாராம்; அங்கே பட்டினி கிடக்க நேருமோ என்று பயமாயிருக்கிறதாம். அம்மையாரோ, சோறு கிடைக்காவிட்டாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாற் போதும் என்கிறாராம். தாய் அப்படித்தான் சொல்வாள். அதற்காக அவரை ஒரு மாதம் பாணையும் வாழைப்பழத்தையும் உண்ண வைத்துக் கூட்டி வருவது நமக்கு அழகன்று.

முதலிற் பத்திர விடயங்களைச் சொல்லி முடித்துவிடுகிறோம். கடவுச்சீட்டுக்காகக் கொழும்புப் பக்கம் அலைய வேண்டியதில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே உண்டு. விசாவுக்குத்தான் கொழும்பு செல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் நேரிற் சென்று கைவிரல் அடையாளம் கொடுத்தல் வேண்டும். ஷெங்கன் விசா ஒன்றைப் பெற்றால் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து மூன்றுக்கும் அது போதும். சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையெனினும் 2008 முதல் இந்த ஏற்பாட்டிற் சேர்ந்திருக்கிறது. லண்டனுக்கு இது செல்லாது. ஆகவே அங்குள்ள உறவினர் கோபித்துக்கொண்டாலும் லண்டனை இம்முறை விட்டுவிடுவதே சிக்கனம்.

2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோ. அதற்கும் சிறியவர்க்கு இலவசம். அன்பரின் குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்தால் நால்வருக்கு 360, சிறுவனுக்கு 45, ஆக 405 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. விசா மறுக்கப்பட்டால் இப்பணம் திரும்பாது. தலைக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் எடுத்தாக வேண்டும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் வந்தால் ஏற்கமாட்டார்கள். விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டுக்குப் பணங்கட்ட வேண்டாம். இடத்தை ஒதுக்கி வைத்தாற் போதுமானது.

தூதரகத்தார் முக்கியமாக அறிய விரும்புவது ஒன்றே: இவர்கள் திரும்பி வருவார்களா? வன்னியிலிருந்து ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாகப் புறப்படும்போது இந்த ஐயம் எழுவது இயல்பே. அதற்காக மனம் நோவதிற் பயனில்லை. கல்வித் திணைக்களம் வழங்கும் வெளிநாட்டு லீவு அனுமதி, வயலுறுதி, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் ஆகியன நல்ல சான்றுகள். வங்கிக் கணக்கில் நேற்று வந்து விழுந்த பெருந்தொகை நல்ல சான்றன்று. காலபோக நெல் விற்ற பணத்தை மாசியிலேயே வங்கியிலிட்டு அங்கேயே இருக்க விடுவது நன்று. தம்பியார் தம்மூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வருமானத்தைக் காட்டிப் பொறுப்பேற்புப் பத்திரம் பெற்று அனுப்பலாம். இவ்வளவும் செய்ய நடுவர் எவரும் வேண்டியதில்லை. விசா நிச்சயம் என்று சொல்லி இலட்சக் கணக்கிற் பணம் கேட்பவர் எவராயினும் அவரை வாசற்படியோடு அனுப்பிவிடுக.

இனி அப்பாச்சியின் சாப்பாட்டுக்கு வருவோம். இதிற் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதற் பொறி ஆகாய விமானத்திலேயே காத்திருக்கிறது. சீட்டுப் பதிவு செய்யும்போது உணவு வகை கேட்பார்கள். 'இந்து உணவு' என்ற பெயரைக் கண்டு நம்மவர் மகிழ்ந்து அதைக் குறித்துவிடுவதுண்டு. எச்.என்.எம்.எல். எனப்படும் அவ்வுணவு மாட்டிறைச்சி மட்டும் விலக்கியது. கோழியும் ஆடும் மீனும் அதில் வரலாம். நமக்கு வேண்டியது ஏ.வீ.எம்.எல். எனப்படும் ஆசிய மரக்கறி உணவு. புறப்படுவதற்கு இரண்டு நாளாவது முன்னதாக அதைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் இறங்கியதும் மரக்கறி என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. அவர்களுடைய மரக்கறி உணவில் முட்டை தாராளமாக உண்டு. 'வீகன்' என்பதோ முட்டையோடு பால், நெய், தேன் யாவற்றையும் விலக்கியது. நம் சைவம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆகவே உணவுச்சாலையில் வீகன் உணவையே கேட்டு வாங்கி, பாலும் தயிரும் வேறாக வாங்கிக்கொள்வது எளிய வழி. 'முட்டையில்லாத மரக்கறி' என்று விளக்க முற்பட்டால் பரிமாறுபவர் தலையாட்டுவார். ஆனால் என்ன விளங்கிக்கொண்டார் என்பது தட்டு வந்த பின்பே தெரியும்.

பொட்டலங்களில் அச்சிட்ட பொருட்பட்டியலை வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பதினான்கு வயது மகளுக்கு இது நல்ல வேலை. 2011ஆம் ஆண்டின் 1169ஆம் இலக்க ஐரோப்பிய விதிப்படி, ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருட்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். முட்டை, பால், மீன் ஆகியவை அவற்றுள் அடங்கும். எனவே முட்டையைக் கண்டுபிடிப்பது எளிது. இறைச்சியும் ஜெலற்றினும் அந்தப் பதினான்கிற் சேரா. எனவே அவை சாதாரண எழுத்தில் மறைந்திருக்கும். விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுக்கப்படும் ஜெலற்றின், சிறுவர் விரும்பும் இழுபடும் மிட்டாய்களிலும் சில வகைத் தயிர்களிலும் கலந்திருப்பதுண்டு. மஞ்சள் வட்டத்துள் இலையோடு கூடிய 'வீ' எழுத்தைக் கண்டால் இறைச்சியும் ஜெலற்றினும் இல்லையென்று கொள்ளலாம். அப்போதும் அடியில் வீகன் என்றுளதா என்று பார்த்தல் நலம்.

பாற்கட்டி விடயத்தில் அப்பாச்சியிடம் ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். இத்தாலியின் பார்மிசான் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே செய்யப்படுகிறது. சுவிஸ் நாட்டின் குருயேரும் வழமையாக அப்படியே. பிரான்சின் வெங்காயச் சூப்பு மாட்டெலும்புச் சாற்றிற் கொதிப்பது. பெல்ஜியத்தின் பேர்பெற்ற உருளைக்கிழங்குப் பொரியலை மாட்டுக் கொழுப்பிற் பொரிப்பது பழைய வழக்கம். உருளைக்கிழங்குதானே என்று வழியில் நிறுத்தி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்! மாறாக, பாண் நமக்குத் துணை. பிரான்சில் 'திரதிசியோன்' என்ற பெயரில் விற்கும் நீண்ட பாண், 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, கோதுமை மா, நீர், உப்பு, நொதி ஆகியவற்றையே அடிப்படையாகக் கொண்டது. அதோடு தக்காளியும் வெண்ணெயும் சேர்த்தால் ஒரு பகற்பொழுது கழியும்.

மேனாட்டில் மரக்கறி உணவு நேற்று வந்த நாகரிகம் என்றும் எண்ண வேண்டாம். சூரிச் நகரில் ஹில்ற்ல் என்னும் மரக்கறி உணவுச்சாலை 1898 முதல் நடைபெற்று வருகிறது. மூட்டுவாதத்தால் வருந்திய தையற்காரர் ஒருவர், இறைச்சியை விடும்படி வைத்தியர் சொன்னதனால் அங்கே உண்ணத் தொடங்கி, குணமடைந்து, பின்னர் அக்கடையையே தாம் ஏற்று நடத்தினார். அவர் பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. விலை மட்டும் நம் கைக்கு எட்டுவதன்று. ஒருமுறை வாசலிலிருந்து பார்த்துவிட்டு வரலாம்.

உண்மையான சிக்கனம் வீட்டுச் சமையலில்தான். தம்பியார் வீடு இருக்கும் வரை ஜேர்மனியிற் கவலையில்லை. பாரிஸில் வட புகையிரத நிலையத்தையடுத்த லா ஷப்பேல் பகுதி நம்மவர் கடைகள் நிறைந்தது; அரிசி, பருப்பு, முருங்கைக்காய் யாவும் கிடைக்கும்; சைவச் சாப்பாட்டுக் கடைகளும் உள. அறை எடுப்பதானால் விடுதி அறையை விட, சமையலறையுடன் கூடிய விடுமுறை வீட்டை எடுப்பது ஐவருக்கு மலிவு. இலங்கையிற் போலவே அங்கும் மின்னழுத்தம் 230 வோற்று; ஆதலாற் சிறிய சோற்றுப்பானையைக் கொண்டுபோகலாம். செருகியின் வடிவம் மாத்திரம் வேறு. ஜேர்மனிக்கு ஒன்று, சுவிற்சர்லாந்துக்கு வேறொன்று.

ஊரிலிருந்து எதைக் கொண்டு போகலாம்? வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், பருப்பு, ஒடியல்மா, நல்லெண்ணெய் இவற்றுக்குத் தடையில்லை. பாலும் நெய்யும் பாற்பண்டங்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு செல்லத் தகாதவை. ஆகவே பால்ரொபி செய்து பெட்டியில் வைக்க வேண்டாம். பச்சைக் காய்கறிகளுக்கும் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அது வேண்டியதில்லை.

எப்போது போவது? வைகாசி என்று அன்பர் குறித்தது பொருத்தமே. ஆடி ஆவணியில் ஐரோப்பியப் பாடசாலைகளுக்கு விடுமுறை. விமானக் கட்டணமும் தங்குமிட வாடகையும் உச்சத்தில் நிற்கும். சிறுவனுக்கு அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை வருமாதலால் இந்த ஆண்டே ஏற்றது. அன்றியும், ஜேர்மனியின் ஹம் நகரில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழா மே, ஜூன் மாதங்களையொட்டியே நடைபெறுகிறது. வீடொன்றின் நிலவறையிற் சிறிதாகத் தொடங்கிய வழிபாடு, 2002 ஜூலையிற் கோபுரத்தோடு கூடிய பெருங்கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. அகதிகளாய்ப் போனவர்கள் எழுப்பிய அக்கோயிலை அப்பாச்சி காண வேண்டும். வற்றாப்பளை அம்மன் பொங்கலும் வைகாசியில் வருவதால் அவருக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். பொங்கல் முடிந்த மறுநாட் புறப்படும்படி சீட்டெடுத்தால் ஆயிற்று.

ஜேர்மனிக்குள் பிரயாணம் செய்ய மாதச் சீட்டொன்று உண்டு. 2026 ஜனவரி முதல் அதன் விலை 63 யூரோ. பிராந்திய வண்டிகளிலும் நகரப் பேருந்துகளிலும் நாடெங்கும் செல்லலாம். விரைவு வண்டிகளில் ஏற முடியாது. அது சந்தா முறையிலானது. மாதத்தின் பத்தாந் திகதிக்கு முன் நிறுத்தாவிடின் அடுத்த மாதப் பணமும் போய்விடும். ஹம்முக்குத் தென்புறத்தே அல்ற்றினா என்ற ஊரின் கோட்டையில் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி 1912இல் அமைக்கப்பட்டது. ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் ஆசிரியர் ஒருவரின் எண்ணம் அது. அன்பரும் ஆசிரியராதலால் பிள்ளைகளோடு ஒருநாள் போய்வரலாம். கொலோனிலிருந்து பாரிஸுக்கு நேர் வண்டியுண்டு. சுமார் மூன்றரை மணித்தியாலம். சீட்டை முன்கூட்டி எடுத்தாற்றான் மலிவு.

பணம் கட்டாவிடின் எதை விடுவது என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்க. முதலில் சுவிற்சர்லாந்தை விடலாம்; ஐரோப்பாவிற் செலவு மிகுந்த நாடுகளுள் அது ஒன்று. பின்னர் பாரிஸையும் விடலாம். அதற்குப் பிறகும் போதாதெனின், பிள்ளைகளை இன்னொரு முறைக்கு வைத்துவிட்டுத் தாயாரும் அன்பரும் மட்டும் போகட்டும். வயலை ஈடுவைத்து ஐவரும் போவதை நாம் ஒருபோதும் சம்மதியோம். பாரிஸ் எங்கும் போய்விடாது. அம்மையாரின் வயதோ எழுபதைத் தாண்டிவிட்டது.

கடிதத்தின் ஓரத்தில் மகள் தன் கையெழுத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அப்பாச்சி சித்தப்பாவுக்கென்று எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு வெயிலில் வைத்திருக்கிறாராம், அதை மடியில் வைத்துக்கொண்டே போக வேண்டும் என்கிறாராம், விமானத்தில் விடுவார்களா? மகளே, நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையிற் கொண்டு செல்ல விடமாட்டார்கள். மூடியை மெழுகிட்டு அடைத்து, பழஞ்சேலையொன்றிற் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வைத்துவிடு.