காது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: பேச்சும் மொழியும் தாமதப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தார்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
பொருள்: சான்றிதழுக்குக் காத்திராமல் மொழிப் பயிற்சி வழங்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பிள்ளைகளின் செவித்திறன் பரிசோதனைச் சீட்டில் ‘இயல்பு’ என்று எழுதியிருக்கிறது. அது பொய்யில்லை. அமைதியான அறையில் சிறு ஓசையும் அவர்களுக்குக் கேட்கிறது. சத்துணவு நேரத்து இரைச்சலில் ‘தட்டைக் கழுவிட்டு வரிசையில் நில்’ என்று டீச்சர் சொன்னால் பாதிச் சொல்தான் போய்ச் சேர்கிறது. சிலருக்குக் காதில் விழும் ஒலியை மூளை பிரித்தறிவதில் சிக்கல். சிலருக்கு மொழியைப் புரிந்துகொள்வதிலும் வாக்கியம் அமைப்பதிலுமே சிக்கல். இரண்டும் சேர்ந்தும் வரும். பார்ப்பவர்களுக்கோ சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளை. அதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதை ‘நிரந்தர’க் குறைபாடு என்று வரையறுக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படி எந்த மருத்துவர் சான்றிதழ் எழுதித் தருவார்? எழுத வேண்டாம் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். செவிவழிப் புரிதலுக்கான முறையான சோதனைகளும் பெரும்பாலும் ஏழு வயதுக்குப் பிறகே செய்யப்படுகின்றன. சான்றிதழும் இல்லை, சோதனை முடிவும் இல்லை என்று அலைவதற்குள் மொழி வளரும் வயது கழிந்துவிடுகிறது.

நாங்கள் புதிய திட்டம் கேட்டு வரவில்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டம், மொழித் தாமதத்தைத் தன் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. அத்திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், மருத்துவரின் பரிந்துரையை மட்டுமே கொண்டு ஆறு வயதுக்குட்பட்டோருக்கு வாரந்தோறும் பயிற்சி தர ஆணையிட வேண்டுகிறோம். பயிற்சியாளர் இல்லையென்று பல மாதங்கள் வாசலோடு திரும்பியிருக்கிறோம். அந்தப் பணியிடம் காலியாகக் கிடக்கக் கூடாது.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை அங்கன்வாடிப் பணியாளர்கள் அடையாளம் கண்டு அனுப்ப வேண்டும். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு தாமதப்படலாம் என்பதால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். பள்ளியில் முன்வரிசை இடமும், முகம் பார்த்துச் சிறு சிறு வாக்கியமாகச் சொல்வதும் செலவில்லாதவை. ஒரு சுற்றறிக்கை போதும்.

‘வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பேசுங்கள்’ என்று எங்களில் பலருக்கு அறிவுரை சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். பாட்டியும் பேரனும் பேச்சற்றுப் போனதுதான் மிச்சம். வீட்டு மொழியைக் கைவிடுவதால் இக்குறைபாடு தீராது. மதிப்பீடும் பயிற்சியும் தமிழிலேயே நடக்க வேண்டும்.

ஜூன் மாதம் எங்கள் பிள்ளைகள் சிலர் முதல் வகுப்பில் சேர்கிறார்கள். அதற்குள் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்