போலி ரசிகர் ஆடைகள்



இணையத்தில் விற்கும் போலி ஆடைகள் பற்றித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையை முழு மனதோடு ஏற்கிறேன். நானே ஏமாந்தவன். மகன் ஆசைப்பட்டான் என்று, 'ஸ்க்விட் கேம்' தொடரில் வரும் 456 எண் போட்ட பச்சை டிராக் சூட்டைத் தீபாவளிக்கு ஒரு தளத்தில் 499 ரூபாய்க்கு வாங்கினேன். 'ஒரிஜினல்' என்றுதான் போட்டிருந்தார்கள். முதல் சலவையிலேயே எண் உரிந்து வந்துவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்பவன் நான். எந்தச் சாமானையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்காமல் வாங்க மாட்டோம். அந்தப் பழக்கம் செல்போன் முன்னால் எனக்கு மறந்துவிட்டது. பிறகு அந்த விற்பனைப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். விற்பவரின் முகவரி இல்லை. உரிமம் பெற்ற ஆடை என்றால் லேபிளில் உரிமையாளர் பெயர் இருக்கும். இதில் லேபிளின் படமே இல்லை. தொடரின் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை! அதே படத்தை வேறு மூன்று கடைகள் வேறு வேறு விலைக்குப் போட்டிருந்தன.

விற்பவரின் பெயரும் முகவரியும் தெரிய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தொடர்களின் பெயரில் ஆடை விற்போரிடம் உரிமச் சான்றைப் பெற்ற பிறகே தளங்கள் இடம் தர வேண்டும். பண்டிகைக் காலத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தங்கள் இதழ் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

– வாசகர், விருத்தாசலம்