தபால்காரர் தோற்ற கதை

ஹாலிவுட் நடிகர் கெவின் காஸ்ட்னரை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1990-ல் 'டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்' படத்தை இயக்கி நடித்தார். அது ஏழு ஆஸ்கார்களை அள்ளியது. அவரே இயக்கி நடித்த 'தி போஸ்ட்மேன்' 1997 கிறிஸ்துமஸுக்கு வந்தது. சுமார் 8 கோடி டாலர் செலவு. அமெரிக்காவில் 2 கோடி கூட வசூலாகவில்லை. மோசமான படங்களுக்குத் தரும் 'ராஸி' விருதுகள் ஐந்து கிடைத்ததுதான் மிச்சம்!

டேவிட் பிரின் 1985-ல் எழுதிய நாவல்தான் மூலம். அழிவுக்குப் பிந்தைய அமெரிக்கா. ஆண்டு 2013. ஊர்கள் தொடர்பற்றுக் கிடக்கின்றன. ஒரு நாடோடி, இறந்துபோன தபால்காரரின் சீருடையையும் பையையும் கண்டெடுக்கிறான். வயிற்றுப்பாட்டுக்காக, "புதிய அரசாங்கத்தின் தபால்காரன் நான்" என்று பொய் சொல்கிறான். ஊர்க்காரர்கள் நம்பவில்லை. அங்குள்ள ஒரு மூதாட்டியின் பெயருக்கு வந்த பழைய கடிதத்தை எடுத்துக் காட்டுகிறான். கதவு திறக்கிறது. பொய் மெல்ல மெல்ல மெய்யாகிறது.

எவ்வளவு அருமையான கரு! கெடுத்தது எது? மூன்று மணி நேர நீளமும் நாயக வழிபாடும்தான். முடிவில் தபால்காரருக்கு வெண்கலச் சிலையே வைத்துவிடுகிறார்கள். கடிதம்தான் கதாநாயகன் என்பதை காஸ்ட்னர் மறந்துவிட்டார் என்பது என் கட்சி.

ஆனாலும் இந்தப் படத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஊரை விட்டு வந்த நமக்கு, "சார், போஸ்ட்!" என்ற குரலின் அருமை தெரியும். இன்லண்ட் லெட்டரில் மடிப்பு ஓரம் வரை நுணுக்கி எழுதி, "இடமில்லை, மற்றவை அடுத்த கடிதத்தில்" என்று முடிப்பார் என் அம்மா. அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் என் மகன் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "பாட்டி என்ன எழுதியிருக்காங்க, படிச்சுக் காட்டுங்கப்பா" என்றான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

படம் சொன்ன அதே 2013-ல்தான், ஜூலை மாதம், நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. எந்தப் போரும் தேவைப்படவில்லை. கைபேசி வந்தது, போதும். தந்தி போனதில் எனக்கு வருத்தமில்லை. தினம் குரல் கேட்கிறோம், முகம் பார்க்கிறோம். ஆனால் டப்பாவில் எடுத்து வைக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

தவறு மகனுடையதல்ல, என்னுடையது. இப்போது ஞாயிறுதோறும் அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறேன். பாடப் புத்தகம்? அந்த பிஸ்கட் டப்பாதான்.