படித்த பிள்ளைக்கு ஸ்டோரில் என்ன வேலை?

வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை பட்டம் வாங்கிவிட்டால் சுற்றியிருப்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "நியமனம் எப்ப வருது?" ராகலையிலும் ஹைபொரஸ்டிலும் உடப்புசல்லாவையிலும் இந்தக் கேள்வி விழாத வீடில்லை. நியமனம் என்றால் ஆசிரியர் நியமனம். அது இல்லாவிட்டால் அபிவிருத்தி உத்தியோகத்தர். இயந்திரத்தோடு சம்பந்தப்பட்ட எதுவும், ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை வேலைகூட, இந்தக் கணக்கில் சேராது. "படிப்பு ஏறாதவன்தான் கராஜுக்குப் போவான். படிச்ச பிள்ளைக்கு ஸ்டோர்ல என்ன வேலை?" என்று அம்மா அப்பா சொல்கிறார்கள்; வகுப்பறையில் ஆசிரியர்களும் அதையே சொல்கிறார்கள். இது தவறான நம்பிக்கை. பிள்ளைகளின் இளமையைக் காத்திருப்பிலேயே கரைத்துவிடுகிற தவறு.

இந்த நம்பிக்கை வந்த வழி எனக்குப் புரிகிறது. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்ததோடு அரச உத்தியோகக் கதவும் மலையகத் தமிழரான நம் மக்களுக்கு அடைபட்டது. பிறகு தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்குப் போய், நம் பிள்ளைகளே ஆசிரியர்களான போது, லயத்து வரிசை வீட்டைவிட்டு வெளியேறக் கிடைத்த முதல் படி அது. அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் இல்லாமல் மலையகத்தில் இன்று படித்தவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். அவர்கள்மீதான மரியாதை துளியும் குறையக் கூடாது.

ஆனால் அந்தப் படியில் இப்போது கூட்டம் நெரிகிறது. பத்து வருடத்துக்கு முன் ஆசிரிய உதவியாளர்களாகப் போனவர்கள் சொற்பக் கொடுப்பனவுக்கு வருடக்கணக்கில் கற்பித்ததை எல்லோரும் பார்த்தோம். 2020இல் நாடு முழுக்க 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய்க்குப் பயிலுநர்களாக எடுத்தார்கள். 2022இல் நாடே வங்குரோத்தாகிவிட்டது. வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நின்ற அரசாங்கம், வருடந்தோறும் வெளிவரும் கலைப் பட்டதாரிகள் அத்தனை பேருக்கும் மேசையும் நாற்காலியும் போடும் என்று இன்னும் நம்புவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

"ஸ்டோர்ல என்ன வேலை?" என்று கேட்பவர்கள் ஒரு ராத்திரி அதற்குள் நின்று பார்க்க வேண்டும். சாயங்காலம் வந்த கொழுந்தை வாட்டும் தொட்டியில் பரப்புகிறார்கள். கீழிருந்து காற்றாடி ஊதுகிறது. மழை நாளில் எவ்வளவு சூட்டுக் காற்றைக் கலப்பது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று அங்கே ஒருவர் முடிவு செய்ய வேண்டும். வாட்டம் போதாவிட்டால் ரோலரில் சாறு வழிந்து வீணாகும். மிஞ்சினால் இலை நொறுங்கும். அரைத்த கொழுந்து செம்பு நிறத்துக்கு வரும் நேரத்தில் அரை மணி பிசகினாலும் கொழும்பு ஏலத்தில் விலை இறங்கிவிடும். பிறகு கிட்டத்தட்ட 100 பாகை சூட்டில், ஈரம் 3 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்துகிறார்கள். கடைசியில் நிறம் பிரிக்கும் இயந்திரம்: விழுகிற ஒவ்வொரு துணுக்கையும் கேமரா பார்க்க, காம்பை மட்டும் ஒரு துளிக் காற்று தட்டிவிடுகிறது. காற்றோட்டம், வெப்பம், மின்சாரம், ஒளியியல், கணினி எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோத் தூளாவது இவ்வளவையும் தாண்டித்தான்.

இந்தக் கூரைக்கு நூறு யார் தள்ளி லயத்தில் பிறந்த பிள்ளை, பௌதிகவியலைப் புத்தகத்தில் மட்டும் பார்த்து, பயந்து, கலைப் பிரிவுக்குப் போகிறாள். அந்த இயந்திரங்களைத் திருத்த வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்.

ஒரு காலத்தில் இந்தத் தீவே தேயிலை இயந்திரம் செய்தது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் பங்களா விறாந்தையில் கையால்தான் இலையை உருட்டினார்; பிறகு அதற்கென்று ஓர் இயந்திரத்தையே உருவாக்கினார். பெல்பாஸ்டிலிருந்து சிரொக்கோ உலர்த்திகள் வந்தன. ஆனால் கொழும்பிலேயே வாக்கர்ஸும் கொழும்பு கொமர்ஷல் கம்பனியும் ரோலர்கள் செய்தன. அதைத் திரும்பச் செய்ய முடியாது என்று யார் சொன்னது?

தேயிலையோடு முடிகிற விஷயமும் இல்லை. வலப்பனையின் எல்லையில் ரந்தெனிகலை நீர்மின் நிலையம் 122 மெகாவாட், தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை 150 மெகாவாட். நம் மலையில் விழும் மழையிலிருந்துதான் அந்த மின்சாரம். அதே மழையில்தான் 2007 ஜனவரியில் வலப்பனையில் மண் சரிந்து உயிர்கள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், வடிகால் எங்கே வெட்டலாம் என்று சொல்லவும் பொறியியல் படித்த நம் பிள்ளைகள் வேண்டும்.

"படிச்சாலும் எங்களுக்கு இடம் குடுப்பாங்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தொழிற்சாலையில் கீழ்மட்டச் சம்பளம் குறைவு, மேல்மட்டக் கதவு லயத்துப் பிள்ளைக்கு லேசில் திறப்பதில்லை. பல தொழிற்பயிற்சிகள் சிங்களத்தில் நடக்கின்றன. சண்டை பிடிக்க வேண்டிய இடம் அதுதான். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் குரல் கொடுத்த தொழிற்சங்கங்கள், ஒவ்வொரு தொழிற்சாலையிலும் படித்த பிள்ளைகளுக்குப் பயிலுநர் இடம் வேண்டும், தமிழில் கற்பிக்கும் போதனாசிரியர் வேண்டும் என்று அதே தொனியில் கேட்பதில்லை. நியமனக் கடிதம் கொடுக்கும் விழா மேடைதான் அரசியல்வாதிகளுக்கும் பிடித்திருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. தேசிய தொழிற் தகைமை ஏழாம் மட்டத்தில் பட்டத்துக்குச் சமம். அதற்கென்றே ரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டம் தருகிறது. நல்ல புள்ளி எடுத்த பிள்ளையை அந்தப் பக்கம் திரும்பவிடாமல் தடுப்பது நாம்தான்.

இந்தத் தயக்கம் எல்லா இடத்திலும் இல்லை. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய நம் உறவுகள் பலர் நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கோவைப் பட்டறைகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர் கார்த் தொழிற்சாலைகளுக்கும் டிப்ளோமாவோடு வேலைக்குப் போகிறார்கள். அங்கே அதை யாரும் இழிவாக நினைப்பதில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலையகத்துப் பெண்கள் எத்தனையோ பேர் கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தையல் மெஷினில் உட்கார்கிறார்கள். ஆகவே பெண் தொழிற்சாலைக்குப் போகக் கூடாது என்பது நம் வழக்கமே இல்லை. மெஷினைத் திருத்துகிறவளாக, தரம் பார்க்கிறவளாக, உற்பத்தியைத் திட்டமிடுகிறவளாகப் போவதைத்தான் நாம் யோசிப்பதில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பாடசாலைகள் பெற்றோர் கூட்டம் வைக்கின்றன. அடுத்த கூட்டத்தில் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கரையும் மின் நிலையத்துப் பொறியியலாளர் ஒருவரையும் கூப்பிட்டுப் பேசவிடட்டும். முன்வரிசையில் பெண்பிள்ளைகளை உட்கார வையுங்கள்.